மையித்தின் ஐந்தாவது ஹக்கு

அல்லாஹ்வின் திருநாமத்தால் துவங்குகிறேன். புகழனைத்தும் அவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நான் ஆலிம் அல்லன். லகாட்டில் மளிகைக் கடை வைத்துப் பிழைப்பவன். சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் ஆறு வருஷம் படித்ததுமே என் கல்வி. ஆலிம்கள் எழுதும் இந்தப் பக்கத்தில் இம்மாதம் ஒரு வியாபாரி எழுதட்டும் என்று சங்கச் செயலாளர் சொன்னபோது தயங்கினேன். ஆயினும் என் நெஞ்சில் ஒரு மூட்டை நெடுநாளாய் இருக்கிறது. அதை உங்கள் முன் இறக்கி வைக்க இது ஒரு வாய்ப்பு என்று எண்ணி எழுதுகிறேன். பிழை இருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்துவார்களாக.

மதரஸாவில் நமக்கு என்ன ஓதிக் கொடுத்தார்கள்? ஒரு முஸ்லிம் மௌத்தாகிவிட்டால் உயிரோடிருப்பவர்கள் மீது நான்கு கடமைகள் என்றார்கள். குளிப்பாட்டுவது, கபனிடுவது, ஜனாஸா தொழுவது, அடக்கம் செய்வது. இந்நான்கையும் நம் சங்கத்தார் எந்நேரத்திலும் செவ்வனே செய்கிறார்கள். நடு இரவில் அழைத்தாலும் கபன் துணியோடு வந்து நிற்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

ஆனால் ஒருவர் எப்படி மௌத்தானார் என்பதே தெரியாதபோது, அந்த மையித்துக்கு நம் மீது இன்னொரு ஹக்கும் உண்டு. எதனால் இறந்தார் என்று கேட்கப்படும் ஹக்கு அது. நான் அதை ஐந்தாவது ஹக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். ஃபிக்ஹுக் கிதாபில் ஒரு புதுச் சட்டம் சேர்ப்பதாக நினைத்துவிடாதீர்கள். அந்த ஹக்கை நானே ஒருவருக்கு மறுத்தவன் என்பதால் சொல்லுகிறேன்.

2022-ஆம் ஆண்டில் நடந்தது. இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் என் கடையில் ஏழு வருஷமாக வேலை பார்த்தார். பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை பிற்பகல் ஸ்டோரில் அரிசி மூட்டை எடுக்க ஏணியில் ஏறினவர் சறுக்கி விழுந்தார். பின்மண்டை சிமெண்டுத் தரையில் பட்டது. ரத்தம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து, “ஒண்ணுமில்லை முதலாளி” என்று சிரித்தார். கடை அடைக்கும்வரை கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வியாபாரமும் பார்த்தார். செவ்வாய் இரவு தலை கனக்கிறது என்று ஒரு மாத்திரை போட்டுப் படுத்தார். புதன்கிழமை சுபுஹுக்கு எழுப்பப் போன பையன் மாடியிலிருந்து அலறிக்கொண்டு இறங்கி வந்தான்.

போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர். அன்று காலையிலேயே அவர் கையில் ஒரு சாலை விபத்தும், ஈயக்குட்டையில் மூழ்கிய ஒரு பையனின் விஷயமும் இருந்தன. எழுதிக்கொண்டே இருக்கும்போது டெலிபோன் மணி அடித்தது. “இவருக்கு முன்பே வியாதி உண்டா?” என்று கேட்டார். “ரத்தக் கொதிப்பு உண்டு. ஒரு தடவை நெஞ்சு வலி என்றும் சொன்னார்” என்றேன். அது மெய்தான். எங்கேயாவது விழுந்தாரா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அந்த ஏணி பழைய ஏணி. மாற்ற வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த ஏணி. லைசென்ஸுக்கு வம்பு வருமோ என்ற பயம் ஒன்று. சொன்னால் மையித்தை அறுப்பார்களே என்ற பயம் ஒன்று. சீக்கிரம் அடக்கினால்தானே நல்லது என்ற எண்ணம் ஒன்று. முதல் பயத்தை மற்ற இரண்டையும் கொண்டு போர்த்தி, தீனுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மருத்துவமனையில் அன்று பிரேத அறையில் ஒரே டாக்டர், ஒரே உதவியாள். வெளியே நான்கு குடும்பங்கள் காத்திருந்தன. டாக்டர் மையித்தை வெளிப்புறமாகப் பார்த்தார். காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. போலீஸ் எழுதிய தாளைப் பார்த்தார். அதில் நான் சொன்ன ரத்தக் கொதிப்பு இருந்தது. இருதய நோய் என்று எழுதி ஒப்பமிட்டார். அஸருக்குப் பின் அடக்கம் செய்தோம். “எவ்வளவு விரைவாக முடித்துவிட்டீர்கள் பாய்” என்று மையவாடியிலேயே என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

அந்தப் போலீஸ்காரரும் டாக்டரும் குற்றவாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்க நேரமில்லாதவர்கள் அவர்கள். சொல்ல வாயிருந்தும் சொல்லாதவன் நான்.

சகோதரர்களே! திருக்குர்ஆனில் மிக நீண்ட சூரா எது? அல்பகரா. 286 ஆயத்துக்களைக் கொண்டது. பகரா என்றால் பசு. அந்தப் பெயர் எதனால் வந்தது? காரணம் புரியாத ஒரு மௌத்தினால் வந்தது! பனூ இஸ்ராயீல் கூட்டத்தில் ஒருவன் கொல்லப்பட்டுக் கிடந்தான். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். மூஸா (அலை) அவர்கள் மூலம் ஒரு பசுவை அறுக்கும்படி அல்லாஹுத் தஆலா ஏவினான். அவர்களோ அதன் வயதென்ன, நிறமென்ன என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு இழுத்தடித்தார்கள். முடிவில் அதன் ஒரு பகுதியால் அந்தப் பிரேதத்தை அடிக்கச் செய்து, அல்லாஹ் அவனை எழுப்பி, மறைத்ததை வெளியாக்கினான். அவர்கள் மறைத்துக்கொண்டிருந்ததை அவன் வெளிக்கொண்டு வருபவன் என்ற கருத்தும் அங்கேயே வருகிறது. மறைப்பவன் நானாக இருந்தபோது, இதை எத்தனை தடவை ஓதியிருப்பேன்!

வியாபாரிகளே, இன்னும் கேளுங்கள். குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து எது? அதுவும் அல்பகராவிலேயே இருக்கிறது. 282-ஆவது ஆயத்து. தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுகிறவன் நேர்மையாய் எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கடுத்த ஆயத்து சாட்சியத்தை மறைப்பவனின் நெஞ்சம் பாவத்துக்குள்ளானது என்று எச்சரிக்கிறது. நாம் சிட்டை எழுதுகிறோம், நாள்வழி எழுதுகிறோம், பேரேடு எழுதுகிறோம், வருஷக் கடைசியில் ஐந்தொகை போடுகிறோம். ஐம்பது காசு இடித்தாலும் தூக்கம் வருவதில்லை. ஒரு மனிதனின் உயிர்க் கணக்கு இடிக்கும்போது மட்டும் “நாயன் நாட்டம்” என்று ஏட்டை மூடிவிடுகிறோமே! நாயன் நாட்டம்தான், அதில் சந்தேகமில்லை. கடை நஷ்டப்பட்டதும் அவன் நாட்டம்தான். அதற்காகக் கணக்குப் பார்க்காமல் விடுகிறோமா?

நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி) என்ற தோழர் கைபர் ஊரில் கொலையுண்டு கிடந்தார். பார்த்த சாட்சி இல்லை. அவ்வூரார் மறுத்தார்கள். சொந்தக்காரர்களிடம் ஐம்பது சத்தியம் செய்வீர்களா என்று கேட்கப்பட்டபோது, கண்ணால் காணாததற்கு எப்படிச் சத்தியம் செய்வோம் என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவ்வூராரின் சத்தியத்தையும் ஏற்க அவர்களுக்கு மனமில்லை. அந்த ரத்தம் கேட்பாரற்று வீணாய்ப் போவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. தாமே நூறு ஒட்டகங்களை ஈட்டுத் தொகையாகக் கொடுத்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இதிலே நமக்கு இரண்டு பாடங்கள். அறியாததை அறிந்ததாகச் சொல்லக் கூடாது. அறிய முடியாமல் போனாலும், இறந்தவனின் ஹக்கைக் கேட்பாரின்றி விடவும் கூடாது.

இனி நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எனக்குப் பழக்கமான ஒரு வக்கீல் பொறுமையாக விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது அத்தியாயம் மரண விசாரணைக்கென்றே இருக்கிறது. ஒருவர் தற்கொலை செய்துகொண்டாலும், பிறரால் கொல்லப்பட்டாலும், மிருகத்தாலோ யந்திரத்தாலோ விபத்தாலோ இறந்தாலும், சந்தேகத்துக்கிடமாக இறந்து கிடந்தாலும் போலீஸ் போய்ப் பார்க்க வேண்டும். காரணம் புரியாவிட்டால் அரசாங்க டாக்டர் பரிசோதிக்க வேண்டும். அதன் பிறகும் தெளிவில்லையென்றால் மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். யார் இறந்தார், எப்போது, எங்கே, எப்படி, இதில் எவருடைய சட்டவிரோதமான செயலோ கடமை தவறுதலோ உண்டா என்பவையே அங்கு கேள்விகள். போலீஸ் காவலில் இறந்தால் கட்டாயம் விசாரணை உண்டு. இந்த விசாரணை அதிகாரிக்குத்தான் கொரோனர் என்று பெயர். இங்கிலாந்தில் 1194-இல் உண்டாக்கப்பட்ட பதவி அது. வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் கூடவே போயிற்று. இலங்கையில் நம் தமிழர்கள் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று அழகாகச் சொல்வார்கள்.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. செய்ய ஆள் வேண்டுமே! நம் நாட்டில் நெடுங்காலம் சாதாரண மாஜிஸ்திரேட்டுகளே தங்கள் மற்ற வழக்குகளுக்கு நடுவில் இதையும் பார்த்து வந்தார்கள். போலீஸ் படையைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட அரச விசாரணைக் கமிஷன் 2005-இல் அறிக்கை தந்தது. 2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் நேர்ந்த 80 மரணங்களைக் கணக்கெடுத்து, அவற்றில் மிகச் சிலவற்றுக்கே முறையான விசாரணை நடந்திருப்பதை அது சுட்டிக்காட்டியது. 2009-இல் ஆ. குகன் என்ற தமிழ் இளைஞர் காவலில் இறந்தார். முதல் பரிசோதனை நுரையீரலில் நீர் சேர்ந்ததாகச் சொல்லிற்று. குடும்பத்தார் விடாமல் கேட்டதால் நடந்த இரண்டாவது பரிசோதனை, உடம்பில் பட்ட அடிகளால் வந்த சிறுநீரகக் கோளாறு என்று சொல்லிற்று. கேட்பார் இருந்ததால் அந்தக் கணக்கு திருத்தப்பட்டது. கேட்பாரில்லாத எத்தனை பேரோ, அல்லாஹ் அறிவான்.

2014 ஏப்ரலில் தலைமை நீதிபதியின் உத்தரவுப்படி, மாநிலந்தோறும் செஷன்ஸ் நீதிபதி ஒருவர் கொரோனராக அமரும் ஏற்பாடு வந்தது. நமது பேராக்கிற்கு ஈப்போ. இது முன்னேற்றம்தான். ஆனாலும் கொரோனர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டும், தனி அலுவலகமும் தனி ஆட்களும் வேண்டும் என்று வக்கீல்கள் மன்றம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் 2010-இலேயே அப்படி ஒரு தனிச் சட்டம் இயற்றிவிட்டார்கள்.

ஒரே ஒரு மரணத்தை விசாரிக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? தீயணைப்பு வீரர் முஹம்மது அடிப் 2018 டிசம்பர் 17-இல் மௌத்தானார். ஷா ஆலமில் நடந்த விசாரணையில் 30 சாட்சிகள். 41 நாட்கள் உட்கார்ந்து கேட்டார் கொரோனர். 2019 செப்டம்பர் 27-இல் முடிவு சொன்னார். இவ்வளவும் ஓர் உயிருக்கு! நாட்டில் ஒவ்வொரு நாளும் விபத்தும் திடீர் மரணமும் நடந்துகொண்டிருக்கின்றன. ஒரு கடையில் நாற்பது வாடிக்கைக்காரர்கள் நிற்க, தராசில் ஒரே பையன் நின்றால் என்ன ஆகும்? ஒன்று, நிறுவை தவறும். இல்லையேல், நெடுநேரம் காக்க வேண்டியிருக்கும். இரண்டையும் நாம் அனுபவிக்கிறோம்.

நமக்கு மாத்திரம் இந்தச் சங்கடம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-இல் ஏறக்குறைய 2,08,000 மரணங்கள் கொரோனர்களுக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றில் சுமார் 36,000-க்கு முறையான விசாரணை திறக்கப்பட்டது. மரணத்திலிருந்து விசாரணை முடிவு வரை சராசரியாக 30 வாரங்கள் ஆயின. இந்தப் பதவியைக் கண்டுபிடித்த நாட்டிலேயே இந்த நிலை!

அந்த நாட்டில் நடந்த இன்னொரு விஷயம் நமக்கு நெருக்கமானது. வட லண்டன் பகுதிக் கொரோனர் ஒருவர், ஆள் குறைவு, வேலை அதிகம் என்று சொல்லி, 2017-இல் ஒரு விதி போட்டார். டாக்சி வரிசை போல வந்த வரிசைப்படிதான் பார்ப்பேன். மத காரணத்துக்காக எவரையும் முந்திப் பார்க்க மாட்டேன் என்பது அந்த விதி. நம்மைப் போலவே விரைந்து அடக்கம் செய்ய வேண்டிய யூதர்களின் அடக்கச் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. அதே பகுதியில் வாழும் நம் முஸ்லிம்களுக்கும் அது பொதுக் காரியமாயிற்று. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. எப்போதும் முதலிடம் தர வேண்டும் என்று சொல்லவில்லை. மத நம்பிக்கையை அறவே கணக்கில் எடுக்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்றது. இங்கே கவனியுங்கள். அவர்கள் விசாரிக்காதே என்று கேட்கவில்லை. விரைவாக விசாரி என்று கேட்டார்கள். நாமும் கேட்க வேண்டியது அதுவே.

ஜனாஸாவை விரைவுபடுத்துங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்பதும் ஹதீஸின் கருத்து. ஆகவே கண்ட மையித்தையெல்லாம் அறுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. 1984-இல் நம் நாட்டுத் தேசிய ஃபத்வாக் குழு இதை ஆராய்ந்து, மிக அவசியமான நிலையில், குற்ற வழக்கு போன்றவற்றில், பிரேத பரிசோதனை கூடும் என்று முடிவு சொல்லியிருக்கிறது. இப்போது சி.டி. ஸ்கேன் யந்திரத்தால் மையித்தைக் கத்தி படாமலே உள்ளே பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனையின் தேசியத் தடயவியல் மருத்துவக் கழகத்தில் அது நடக்கிறது. எல்லாக் காரணங்களையும் அது காட்டிவிடாது. ஆனால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தால் காட்டும். மண்டைக்குள் கசிகிற ரத்தம் உடனே கொல்லாது என்றும், அடிபட்டவர் சில மணி நேரமோ சில நாளோ நடமாடிப் பேசிச் சிரிக்கக் கூடும் என்றும் பிற்பாடு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னபோது, நான் அவர் முன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அவசரமாய் மூடிய கணக்கைப் பின்னால் திறப்பது எவ்வளவு கொடிது என்பதைச் சபாவில் கண்டோம். 2025 ஜூலையில் 13 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி மௌத்தாகி, பிரேத பரிசோதனையின்றி அடக்கம் செய்யப்பட்டாள். நாடே கேள்வி கேட்டது. ஆகஸ்ட் 9-இல் கபுறைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். செப்டம்பரில் கோத்தா கினபாலுவில் கொரோனர் விசாரணை தொடங்கிற்று. அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல நாம் யார்? ஆனால் முதல் நாளே ஒரு மேஜை மீது, ஒரு டாக்டரின் கண் முன்னால் தீர வேண்டிய வேலை, மூன்று வாரத்துக்குப் பின் மண்ணைத் தோண்டிச் செய்ய வேண்டியதாயிற்றே! தாயின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

நம் லகாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிட் மேராவில் இருந்த அரிய மண் ஆலையை மறந்திருக்க மாட்டோம். அங்கே எட்டுப் பேருக்கு ரத்தப் புற்று வந்து ஏழு பேர் இறந்ததாகச் சொல்லப்பட்டது. 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஊர் ஜனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1994-இல் ஆலையே மூடப்பட்டது. அத்தனை வருஷம் இரு தரப்பு நிபுணர்களும் எதைப் பற்றி வாதாடினார்கள்? இந்த நோயும் இந்த மௌத்தும் எதனால் என்பதைப் பற்றித்தான். காரணத்தை அன்றன்றே கேட்டு எழுதி வைக்காத ஊர், பின்னால் கோர்ட்டில் நின்று வாதாட வேண்டியிருக்கும்.

தாயகத்து விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குத் தென்பாண்டிச் சீமையில் உறவு உண்டு. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அவர்கள் யார்? நம்மைப் போல் கடைக்காரர்கள். ஊரடங்கு நேரத்தில் கடையை நேரம் கடந்து திறந்து வைத்தார்கள் என்பது அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம். இந்தியாவில் கொரோனர் என்ற பதவி இப்போது இல்லை. காவல் மரணத்தை நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அப்படி ஒரு மாஜிஸ்திரேட் காவல் நிலையத்துக்கே போய்க் கேட்டார். அங்கு வேலை பார்த்த ஒரு பெண் போலீஸ் பயந்த பயத்திலும் கண்டதைச் சொன்னார். கேட்க ஒருவர், சொல்ல ஒருவர். இந்த இரண்டு பேர் இல்லையென்றால் அதுவும் நெஞ்சு வலியாகவே முடிந்திருக்கும்.

ஆகவே, சகோதரர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். கேட்பவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில், சொல்பவனின் கடமை இரட்டிப்பாகிறது. அதிகாரிக்கு நேரமில்லை என்பது நமக்கு விடுதலைச் சீட்டு அல்ல. அவர் கேட்கத் தவறியதை நாம் சொல்லாவிட்டால், இறந்தவனுக்காகப் பேச வேறு எவரும் இல்லை.

கேட்பவர்கள் குறைவு என்பதற்கும் நாம் பொறுப்பில்லையா? ஃபர்ளு கிஃபாயா என்று ஓதியிருக்கிறோம். ஊரில் சிலர் செய்தால் எல்லோர் மீதும் கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 900 வருஷத்துக்கு முன்பே தம் இஹ்யா கிதாபில் வருந்தியிருக்கிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவரும் இல்லை. எல்லோரும் பெயரும் பதவியும் கிடைக்கும் தர்க்க வித்தையின் பின்னால் ஓடுகிறார்கள். வைத்தியமும் ஃபர்ளு கிஃபாயா அல்லவா என்ற கருத்தில் எழுதியிருக்கிறார்கள். இன்று நாமும் அப்படியே. பிள்ளை டாக்டரானால் இருதய டாக்டராக வேண்டும், கண் டாக்டராக வேண்டும். மையித்தைப் பரிசோதிக்கும் டாக்டராகப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் ஒப்பாரி! ஐந்து வருஷ மருத்துவப் படிப்பு, இரண்டு வருஷப் பயிற்சி, அதன் மேல் நான்கு வருஷத் தடயவியல் படிப்பு என்று பதினோரு வருஷம் உழைக்க வேண்டிய வேலை அது. கூட்டமில்லை, கிளினிக் இல்லை, பணம் கொழிக்காது. யார்தான் வருவார்கள்? நம் பெண் மக்களில் ஒருத்தி அந்த டாக்டராக இருந்தால், நம் பெண் மையித்துகளின் மானம் எவ்வளவு பாதுகாக்கப்படும் என்று யோசித்தோமா?

சங்கத்தாருக்கு என் சிறு புத்திக்கு எட்டிய நான்கு விண்ணப்பங்கள்.

முதலாவது, ஒருவர் திடீரென்று மௌத்தானால், கடைசி ஏழு நாளில் அவருக்கு என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதிப் போலீஸிடமும் டாக்டரிடமும் கொடுங்கள். விழுந்தாரா, சண்டையா, புது மருந்தா, என்ன வேலை செய்தார், எதையும் விடாதீர்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அதிகாரியின் பாதி வேலை அங்கேயே முடியும்.

இரண்டாவது, தெரிந்த பெரிய மனிதரைக் கொண்டு பரிசோதனையைத் தடுக்கப் பார்க்காதீர்கள். விரைவாகச் செய்யுங்கள், ஸ்கேன் வசதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. தடுப்பது மையித்தின் உரிமையைப் பறிப்பது.

மூன்றாவது, கல்வி உதவி நிதியில் வருஷம் ஒரு பங்கைத் தடயவியல் படிக்க முன்வரும் பிள்ளைக்கென்று ஒதுக்கி வைப்போம். அத்துடன் நம் சங்கமும் மற்ற சங்கங்களோடு சேர்ந்து, கொரோனருக்கும் பிரேத அறைக்கும் போதிய ஆள் வேண்டும் என்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற அங்கத்தினர்களிடம் மனுக் கொடுக்கட்டும்.

நான்காவது, தாயகத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து நம் கடைகளில் வேலை பார்க்கும் தொழிலாளிகளுக்கு இங்கே வாரிசு இல்லை, வாய் இல்லை. அவர் மௌத்தானால் அவருக்கு முதலாளியே வாரிசு, முதலாளியே சாட்சி. சில வேளை முதலாளியே குற்றவாளியும் ஆவான். ஆகவே முதலாளி தனியாகப் பேசாமல், சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போய் நிற்கட்டும்.

நான்காவதை எழுதும்போது கை நடுங்குகிறது. என் விஷயத்தை முடித்து விடுகிறேன்.

இத்தா முடிந்து சில நாட்களுக்குப் பின் அந்தச் சகோதரரின் மனைவி டெலிபோனில் பேசினார். “காக்கா, அவங்க எதனால மௌத்தானாங்க? மூத்தவன் கேட்டுக்கிட்டே இருக்கான். ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க” என்றார். தானாக மாய்த்துக்கொண்டார் என்றுகூட அங்கே சிலர் பேசியிருக்கிறார்கள். நான் இருதயம் என்றேன். என் வாயால் சொன்ன முதல் முழுப் பொய் அதுதான். ஏனெனில் எனக்குத் தெரியாது.

2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோவின் வேலை விபத்துக் காப்பு இருக்கிறது. நானும் சந்தா கட்டி வந்தேன். வேலையில் பட்ட அடியால் இறந்தார் என்று தெரிந்தால் மனைவி மக்களுக்கு மாதப் பணம் உண்டு. இருதய நோய் என்றால் அந்தக் காப்பில் மாதப் பணம் இல்லை. நோயால் வரும் முடக்கத்துக்கான காப்பு அவர்களுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. என் ஒரு வார்த்தை மூன்று பிள்ளைகளின் சோற்றோடு சம்பந்தப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ரமலானில் தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வந்து, அவரை அழைத்து ஏணியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மறுநாள் போலீஸிலும் எழுதிக் கொடுத்தேன். இனி உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கோர்ட் உத்தரவு பெற்றுக் கபுறைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அவரிடம் கேட்டேன். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு, “அவங்களை நிம்மதியாத் தூங்க விடுங்க காக்கா. இப்பச் சொன்னதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

மாதந்தோறும் அந்தக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பி வருகிறேன். பேரேட்டில் அதை ஸதக்கா என்ற தலைப்பில் எழுதுவதில்லை. கடன் என்றே எழுதுகிறேன். அசல் எவ்வளவு என்று எந்தக் கோர்ட்டும் எனக்குச் சொல்லவில்லை. ஆகையால் அந்தப் பக்கத்தின் அடியில் கோடு போட்டு மூட என்னால் முடியவில்லை. உங்கள் எவர் பேரேட்டிலும் இப்படி ஒரு பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன்.

யா அல்லாஹ்! எங்கள் மௌத்தை ஈமானுள்ள மௌத்தாக்கி வைப்பாயாக. காரணம் அறியப்படாமல் மண்ணுக்குள் போன எல்லா உயிர்களுக்கும் நீயே சாட்சியாக இருக்கிறாய்; அவர்களின் ஹக்கை நீ அறிவாய். பிரேத அறையிலும் விசாரணை மன்றத்திலும் தனியாய் நின்று உழைப்பவர்களுக்குப் பலத்தையும் துணையாட்களையும் தருவாயாக. கண்டதைச் சொல்லும் நாவை எங்களுக்குத் தருவாயாக. மறைத்தவனையும், அவன் திருந்தி வந்தால், மன்னிப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.